முதல் கூலி எத்தனை கிலோ நெல்?

கழனியிலும் டேனரியிலும் தொடங்கிய உழைப்புக்கு ஒரு கணக்கு

வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் இன்று கழனியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நீதிமன்ற வளாகம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை என்று ஊர் நிறைந்துவிட்டது. தனி நகராட்சியாக இருந்தது, 2011-ல் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்தும் விட்டது. ஆனாலும், இங்கே 60 வயதைத் தாண்டிய பெரியவர்களிடம், ‘முதல்முதலாக என்ன வேலைக்குப் போனீர்கள், என்ன கூலி கொடுத்தார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மல்லாட்டைக் கொல்லையைச் சொல்வார். இன்னொருவர் மாடு மேய்த்ததைச் சொல்வார். மூன்றாமவர் சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டியதைச் சொல்வார். பீடி சுற்றியதைச் சொல்லும் பாட்டிகளும் உண்டு.

கூலியைச் சொன்னதும் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘ஒரு நாளைக்கு அஞ்சு ரூபாயா?’ என்பார்கள். சிரிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கூலிக்கு எவ்வளவு தானியம் வந்தது? அந்த வேலை நிலத்துக்கும் தண்ணீருக்கும் என்ன செய்தது? அந்த உழைப்புக்குச் சாட்சியாக வீட்டில் ஒரு காகிதமாவது இருக்கிறதா? கடைசிக் கேள்வியில்தான் இன்றைக்கும் பல குடும்பங்களுக்கு வர வேண்டிய பணம் அடங்கியிருக்கிறது.

காசு இல்லை, படிதான்

இந்தப் பக்கத்தில் நன்செய்க்குக் கழனி என்றும், மானாவாரிக்குக் கொல்லை என்றும் பெயர். இரண்டிலும் கூலி என்றால் நெடுங்காலம் தானியம்தான். வருடக் கணக்கில் ஒரே வீட்டில் வேலை செய்தவரைப் ‘படியாள்’ என்று அழைத்ததே, அவருக்குப் படியால் அளந்து கொடுத்ததால்தான். மாடு மேய்க்கப் போன சிறுவனுக்கு வேளைக்குக் கூழோ களியோ, பண்டிகைக்கு ஒரு துணி, வருட முடிவில் கொஞ்சம் தானியம். படியின் அளவே ஊருக்கு ஊர் மாறும். அளக்கும்போது தலை தட்டுவதா, கும்பாரமாக விடுவதா என்பதில் கூலியே கூடும், குறையும்.

எனக்கும் முதல் கூலி மல்லாட்டைக் கொல்லையில்தான் கிடைத்தது. செடியைப் பிடுங்கிக் குவித்ததும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து காய் ஆய்வோம். ஆய்ந்த காயை அளந்து, இத்தனை படிக்கு ஒரு படி என்று பிரித்துத் தருவார்கள். என் பங்கு அம்மாவின் முந்தானைக்குள் போகும். மாலையில் கடைக்காரர் அந்தக் காயை வாங்கிக்கொண்டு உப்பும் மிளகாயும் தருவார். ரூபாய் நோட்டு கையில் படாமலேயே ஒரு பருவத்துக் கூலி செலவாகிவிடும்.

தோலும் அன்றைய விவசாயத்துக்கு அந்நியம் இல்லை. கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில், சாலின் அடியில் தொங்கும் தும்பி தோலால் ஆனது. அதைத் தைத்துக் கொடுத்தவருக்கும் அறுவடைக் களத்தில் தானியம் அளந்தார்கள். மின்சார பம்ப்செட் வந்ததும் கவலை நின்றது. அதோடு அந்தத் தானியமும் நின்றுபோனது.

கொல்லையோரத்தில் தானாக முளைக்கும் ஆவாரஞ்செடியும் வருமானம் கொடுத்தது. பழைய முறையில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் முக்கியம். பட்டையை உரித்துக் காயவைத்து, எடை போட்டு விற்பது பல வீடுகளில் பெண்கள், சிறுவர்களின் வேலை. டேனரிக்குள் கால் வைக்காமலேயே டேனரிப் பணம் கிராமத்துக்கு வந்தது அந்த வழியில்தான். பிறகு வாட்டில் மரப்பட்டையும் அதன் சாறும் வந்தன. ஆவாரைக்கு இருந்த கிராக்கி குறைந்தது.

சனிக்கிழமை வந்தால் சம்பளம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் டேனரிகள் பெருகியதற்குத் தண்ணீரும், பட்டையும், ஆட்களும் கிடைத்ததே காரணம். தோலை ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழியில் போடுவது, முடி களைவது, ஒட்டியிருக்கும் சதையைச் சீவுவது, பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் புரட்டுவது, காயவைப்பது என எல்லாமே கை வேலை. கையும் காலும் சுண்ணாம்பில் வெந்து புண்ணாகும். நாற்றம் குளித்தாலும் போகாது.

அப்படியிருந்தும் ஆட்கள் போனார்கள். முதலில் போனவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். காரணம் எளிது. கழனியில் கூலி எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது நிலத்துக்காரரின் கையில் இருந்தது. டேனரியில் வாரம் முடிந்தால் காசு. அந்தக் காசை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்கும் போகலாம், பையனைப் பள்ளிக்கும் அனுப்பலாம். தொகை சிறியதுதான். ஆனால், களத்துமேட்டில் கைகட்டி நிற்காமல் வாங்கிய கூலி என்பதில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இதைச் சொல்லாமல் டேனரி வேலையின் கதையைச் சொல்ல முடியாது. டி.செல்வராஜின் ‘தோல்’ நாவல் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றியது. 2012-ல் அதற்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

1970-களில் தொழிலே மாறியது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலும் காலணியும் அனுப்ப வேண்டும் என்று சீதாராமையா குழு 1972-ல் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பட்டைத் தொட்டிகள் இருந்த இடத்தில் குரோமிய உப்பு போட்டுச் சுழலும் டிரம்கள் வந்தன. வாரங்கள் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது.

பின்னாலேயே ஷூ கம்பெனிகள் வந்தன. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் காத்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். அம்மா நாற்று நட்டுப் படி நெல் வாங்கினார். மகள் தையல் மெஷினில் ஷூ மேல்பாகம் தைத்து மாதச் சம்பளம் வாங்குகிறாள். பல வீடுகளில் ஒரு பெண்ணின் பெயரில் பேங்க் கணக்கு திறந்ததே இந்த வேலைக்காகத்தான்.

பீடியும் முன்பணமும்

குடியாத்தம், வேலூர் பக்கத்தில் பலருக்கு முதல் வேலை பீடிக் கடையில். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. குடும்பத்துக்கு அவசரம் என்றால் பீடிக்காரரிடம் முன்பணம் வாங்கி, அதற்கு ஈடாகப் பிள்ளையை வேலைக்கு விடுவார்கள். முன்பணம் அடையும் வரை பிள்ளை அங்கேதான். கூலியில் பெரும் பகுதி பெற்றோரோ பிள்ளையோ பார்க்காமலேயே கழிந்துவிடும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. அதற்குப் பிறகும் வட ஆற்காட்டில் இந்த வழக்கம் நீடித்ததால்தான், 1990-களில் பிள்ளைகளை மீட்டுப் பள்ளியில் சேர்க்கும் வேலை நடந்தது. ‘எனக்கு முதல் சம்பளம் என்னன்னே தெரியாது’ என்று சொல்லும் நிலையில் ஒரு தலைமுறையே இங்கு வளர்ந்தது.

ரூபாயை நெல்லாக மாற்றிப் பாருங்கள்

பழைய கூலியை இன்றைய ரூபாயோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். விவசாயிக்குத் தெரிந்த அளவுகோல் நெல். மத்திய அரசு அறிவித்த சாதாரண ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை (ஒரு குவிண்டாலுக்கு) இதுதான்:

1980-81: 105 ரூபாய்
1990-91: 205 ரூபாய்
2000-01: 510 ரூபாய்
2010-11: 1,000 ரூபாய்
2015-16: 1,410 ரூபாய்
2020-21: 1,868 ரூபாய்
2024-25: 2,300 ரூபாய்

உங்கள் அன்றைய நாள் கூலியை 100-ஆல் பெருக்குங்கள். அந்த ஆண்டின் நெல் விலையால் வகுங்கள். வருவது எத்தனை கிலோ நெல் என்ற கணக்கு. உதாரணத்துக்கு, 1980-ல் ஒருவர் நாளுக்கு 5 ரூபாய் வாங்கியிருந்தால், அது 4 கிலோ 750 கிராம் நெல். அரிசியாக்கினால் 3 கிலோ சொச்சம். ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் அன்றைய சாப்பாட்டுக்கே அது போய்விடும். எண்ணெய்க்கும் துணிக்கும் என்ன மிச்சம்?

இப்போது நூறு நாள் வேலைக்கு வருவோம். வேலூர் மாவட்டத்துக்கு இந்தத் திட்டம் 2008-ல் வந்தது. தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 2010-ல் 100 ரூபாய். அது 10 கிலோ நெல். 2015-16-ல் 183 ரூபாய். அது 13 கிலோ. 2020-21-ல் 256 ரூபாய், 13 கிலோ 700 கிராம். 2024-25-ல் 319 ரூபாய், 13 கிலோ 870 கிராம். அதாவது 2015-லிருந்து 2024 வரை ரூபாயில் 136 கூடியிருக்கிறது. நெல்லில் ஒரு கிலோகூட முழுதாகக் கூடவில்லை. இது அறிவிக்கப்பட்ட கூலி. அளவெடுத்துத் தரும் வேலையில் கைக்கு வருவது இதைவிடக் குறையலாம்.

‘கூலி ஏறிப்போச்சு’ என்று நிலத்துக்காரர் சொல்வதும், ‘கூலி பத்தவில்லை’ என்று வேலைக்கு வருபவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான். நெல் விலையும் கூலியும் ஒன்றின் பின் ஒன்றாக நடக்கின்றன. டீசல், உரம், மருந்துச் செலவு, பள்ளிக் கட்டணம் ஆகியவை இரண்டையும் முந்திப் போகின்றன. சிறு விவசாயியும் கூலிக்காரரும் இதில் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள். பல வீடுகளில் இருவரும் ஒரே ஆள்தான்.

ஒரு மாற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரேஷன் அரிசி 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாயானது. 2011 ஜூனிலிருந்து இலவசம். அன்றைய கூலி முழுவதும் அரிசிக்குப் போனது. இன்றைய கூலி அரிசியைத் தாண்டிய செலவுகளுக்குப் போகிறது. 1980-ன் 5 கிலோவையும் இன்றைய 14 கிலோவையும் ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

கூலி வந்த வழியில் கிணறு போனது

டேனரி கொடுத்ததை எழுதிவிட்டு, எடுத்ததை எழுதாமல் விட்டால் கணக்கு முடியாது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க 35 லிட்டர் தண்ணீர் தேவை. பதப்படுத்திய உப்பும், குரோமியமும் கலந்த அந்தத் தண்ணீர் பல காலம் சுத்திகரிக்கப்படாமல் கழனிக்கும் ஓடைக்கும் பாலாற்றுக்கும் போனது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. தென்னை காய்ப்பை நிறுத்தியது. நெல் விளைந்த மண்ணில் உப்பு பூத்தது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கெடுத்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டின் சட்டம் என்று உறுதி செய்த தீர்ப்பு அது. டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம். அந்த ஆணையம் 2001-ல், 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் குறைவு. 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்கு அது. ஒரு நாளைக்கு மூன்றரை ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணறும் கழனியும் போனதற்கான தினக்கூலி அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கு அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது. இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்றது. 2001-ன் பட்டியலில் உங்கள் தாத்தா, அப்பா பெயர் இருந்ததா, பணம் கைக்கு வந்ததா என்று இப்போதே பாருங்கள். வாரிசுச் சான்றிதழ், பழைய பட்டா, அடங்கல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ராணிப்பேட்டையும் தனி மாவட்டம். எந்த ஆட்சியர் அலுவலகம் என்பதைக் கிராமத்தை வைத்து முடிவு செய்துகொண்டு மனு கொடுங்கள்.

காகிதம் இல்லாத உழைப்பு

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-லேயே வந்துவிட்டது. குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1971-ல் வந்தது. இன்றைய பி.எஃப். ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பரில் தொடங்கியது. பணிக்கொடைச் சட்டம் 1972-ல் வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால், பெயர் பதிவேட்டில் ஏறினால்தான் சட்டம் வேலை செய்யும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பீஸ் ரேட்டில் வேலை செய்தவர், ‘தற்காலிகம்’ என்று சொல்லிப் பத்து வருடம் ஓட்டப்பட்டவர் எனப் பலர் பதிவேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். பதிவேட்டில் இருந்தவர்களிலும் பலர் வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வேலையை விட்ட பெண்களில் இது அதிகம். எடுத்தது சில ஆயிரம். அதோடு போனது பல வருட ஓய்வூதியச் சேவை.

இந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பெரிய தொகை இல்லைதான். மழை பொய்த்த ஆண்டில் மாதம் தவறாமல் வரும் ஆயிரம் ரூபாயின் அருமை, விவசாயக் குடும்பத்துக்குத் தெரியும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

*கேள்வி: அப்பா டேனரியில் ஒன்பதரை வருடம் வேலை செய்தார். பி.எஃப். பிடித்தார்கள். ஓய்வூதியம் உண்டா?*

சேவையைக் கணக்கிடும்போது ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, ஒன்பதரை வருடம் பத்தாகும். ஓய்வூதியப் பகுதியை ஏற்கெனவே எடுத்திருக்கக் கூடாது. 58 வயதில் 10-டி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 50 வயதிலிருந்தும் வாங்கலாம், ஆனால் தொகை குறையும்.

*கேள்வி: கணவர் ஷூ கம்பெனியில் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு ஏதாவது கிடைக்குமா?*

கிடைக்கும். பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு 10 வருட நிபந்தனை இல்லை. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. 25 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வரும். வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் தொகையையும் கேட்டு வாங்குங்கள்.

*கேள்வி: மகள் கல்யாணத்துக்காக வேலையை விடுகிறாள். பி.எஃப். முழுவதையும் எடுத்துவிடலாமா?*

வைப்பு நிதியை எடுப்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. ஓய்வூதியப் பகுதியை மட்டும் எடுக்காமல், 10-சி படிவத்தில் ‘திட்டச் சான்றிதழ்’ கேளுங்கள். பிறகு வேறு கம்பெனியில் சேர்ந்தால் பழைய வருடங்களும் கணக்கில் சேரும்.

*கேள்வி: கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிறது. சம்பளச் சீட்டு எதுவும் இல்லை. என்ன செய்வது?*

2014-க்குப் பிறகு வேலையில் இருந்தவர்களுக்கு யு.ஏ.என். என்ற நிரந்தர எண் இருக்கும். அதற்கு முந்தையவர்கள் கம்பெனியின் பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, தந்தை பெயர் ஆகியவற்றோடு வேலூரில் உள்ள வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பழைய இ.எஸ்.ஐ. அட்டை, அடையாள அட்டை, போனஸ் சீட்டு எது கிடைத்தாலும் நகல் இணையுங்கள். உடன் வேலை செய்தவரின் கணக்கு எண் கிடைத்தால் கம்பெனியின் குறியீட்டை அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களோடு உட்காருங்கள். முதல் வேலை எந்த ஆண்டு, எந்த ஊர், யாரிடம் அல்லது எந்தக் கம்பெனி, கூலி தானியமா காசா, எவ்வளவு, பதிவேட்டில் கைநாட்டு வைத்தார்களா, எப்போது விலகினார்கள், உடன் வேலை செய்தவர்கள் யார் என்று வரிசையாகக் கேட்டு எழுதுங்கள். ஆண்டு நினைவில் இல்லை என்பார்கள். ‘பெரியவன் பிறந்ததற்கு முன்பா, பின்பா? பாலாற்றில் வெள்ளம் வந்த வருடமா?’ என்று கேட்டால் நினைவு வந்துவிடும். மேலே கொடுத்த நெல் விலையை வைத்து அந்தக் கூலியைக் கிலோவாகவும் எழுதி வையுங்கள்.

அதே நோட்டில் அடுத்த பக்கத்தை, இப்போது வேலைக்குப் போகும் மகனுக்கும் மகளுக்கும் ஒதுக்குங்கள். சேர்ந்த தேதி, யு.ஏ.என்., இ.எஸ்.ஐ. எண், வாரிசாக யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். பட்டாவும் அடங்கலும் இருக்கும் பெட்டியிலேயே அந்த நோட்டையும் வையுங்கள். நிலத்துக்குப் பத்திரம் எப்படியோ, உழைப்புக்கு அந்த நோட்டு அப்படி.